சவுக்காரம் பட்ட விரல்

மனுஷனுடைய விரல் ஒடிகிற சத்தம் பெரிய சத்தமே இல்லை. பச்சைக் கேரட்டைக் கையால் உடைத்தால் வருமே, அவ்வளவுதான். அன்றைக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் தோட்டத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் எனக்கு அது கேட்டது. அந்த நேரம் பார்த்து எல்லாரும் மூச்சை இழுத்துக்கொண்டார்களோ என்னவோ. இன்றுவரை நான் கேரட்டைக் கையால் உடைப்பதில்லை, கத்தியால்தான் வெட்டுவேன். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவர் அங்கே நிற்கவில்லை.

அந்த விரல் ஒடிந்ததற்கு எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் பாடம்தான் காரணம் என்று தோட்டத்தில் இன்னமும் சொல்கிறார்கள். "அந்த யாழ்ப்பாணத்து டீச்சர் வந்து தண்ணியில வித்தை காட்டிக் குடுத்துச்சு, அதால வந்த வினை" என்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விரலை முறுக்கி ஒடித்தது பாடமா? முறுக்கிய கைக்குச் சொந்தக்காரன் இன்றைக்கும் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு என் வாசலால்தான் போகிறான். அவனை ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த டீச்சரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே இந்த எரிச்சலால்தான்.

நானும் அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். பதுளைப் பக்கம் மடுல்சீமையும் தாண்டி, பஸ் பாதி நாள் வராத பாதையில், நான் பிறந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கிறது பள்ளிக்கூடம். ஒரே நீள மண்டபம், நடுவிலே இடுப்பளவு சுவர். இந்தப் பக்கம் நான் ஆத்திசூடி சொன்னால் அந்தப் பக்கம் கணக்கு நின்றுவிடும். எங்களிடம் அடி என்பது அன்றாடச் சமாச்சாரம். வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் அடி, செய்து தப்பாகப் போனால் அடி, ஏன் அழுகிறாய் என்று கேட்டும் அடி. வீட்டிலே அதைவிட மோசம். சம்பளம் வாங்கின சனிக்கிழமையில் எந்த லயத்தில் எந்தப் பெண்ணின் மண்டை உடையும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டும்.

அங்கேதான் விஞ்ஞான டீச்சர் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரி, முதல் நியமனம், ஒல்லி உடம்பு. எங்கள் குளிரைத் தாங்க முடியாமல் சேலைக்கு மேலே ஆம்பிளை ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிவார். வந்த கையோடு, முன்பு படிப்பித்த சேர் மேசைமேல் விட்டுப்போன பிரம்பை எடுத்தார். பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு எழுந்து நின்றதுகள். அவரோ வாளித் தண்ணீரில் சவுக்காரத்தை, சோப்புக் கட்டியைத்தான், போட்டு அந்தப் பிரம்பால் கலக்கத் தொடங்கிவிட்டார். "என்ன பாக்கிறீங்கள்? இருங்கோ. இதுக்கு இதைவிடத் திறமான வேலை கிடையாது" என்றார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் என் வகுப்பும் குட்டிச்சுவராகிப் போனது.

சண்டைக்கென்றே நான் அந்தப் பக்கம் போனேன். என் வாய் எவ்வளவு நீளம் என்று தோட்டத்துக்கே தெரியும். "டீச்சர், இது பள்ளிக்கூடமா, துணி துவைக்கிற பீலிக்கரையா?" என்று ஆரம்பித்தேன். அவர் தண்ணீர் நிரப்பிய ஒரு பால்மா டின்னை என் கையில் தந்தார். அடியிலே ஆணியால் அடுத்தடுத்து ஓட்டை போட்டிருந்தது. தண்ணீர் தனித்தனித் தாரையாகக் கொட்டியது. "இரண்டு விரலாலை எல்லாத்தையும் சேர்த்து ஒருக்காக் கிள்ளி விடுங்கோ" என்றார். கிள்ளினேன். தாரைகள் எல்லாம் ஒன்றாகிக் கயிறு மாதிரி விழுந்தன. கையை எடுத்த பிறகும் பிரியவில்லை. "பாத்தீங்களோ, தண்ணிக்குத் தண்ணியில ஆசை. கிட்ட வந்தால் பிடிச்சுக்கொள்ளும். இதுதான் பிணைவு." நான் சண்டையை மறந்துவிட்டேன். இன்னொரு தடவை கிள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டேன் என்றால் பாருங்களேன்.

அதற்குப் பிறகு அவருடைய பாடம் எதுவென்றாலும் எனக்கு அந்தச் சுவர்மேல் ஒரு கண். நாணயத்தின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வைப்பார்கள். தண்ணீர் குவிந்து எழும்பி நடுங்கும், வழியாது. வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். தையல் ஊசியைத் தாளின்மேல் படுக்கவைத்துத் தண்ணீரில் விடுவார்கள். தாள் ஊறித் தாழ்ந்துபோகும், ஊசி மட்டும் மிதக்கும். மேலே தோல் மாதிரி ஒன்று இழுபட்டுக் கிடக்கிறது, அதற்குப் பெயர் மேற்பரப்பு இழுவிசை, சவுக்காரம் பட்டால் அந்த இழுவை தளர்ந்துபோகும் என்பார். முன் வாங்குப் பலகையில் இருந்த நிரோஷா என்கிற பிள்ளை இதையெல்லாம் கண்கொட்டாமல் பார்க்கும். அதன் அப்பா தோட்டத்து வாசக்கூட்டி. சாக்கடைக் கானையும் கக்கூசையும் கழுவுகிற வேலை. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். விஞ்ஞான டீச்சர் வந்த பிறகு, ஊசி மிதக்கவிடுவதில் அதை விடக் கெட்டிக்காரி இல்லை என்று ஆனதும், ஒவ்வொருத்தராக நெருக்கி உட்கார ஆரம்பித்தார்கள்.

கடைசியாக அந்த விளையாட்டு. தட்டிலே தண்ணீர் ஊற்றி மேலே தூள் தூவ வேண்டும். மிளகுத்தூளைத்தான் தூவுவார்களாம். பிள்ளைகள் கண்ணில் பட்டால் எரியுமே என்று டீச்சர் மஞ்சள் தூள் எடுத்தார். "என்ன டீச்சர், சாம்பாரா வைக்கப் போறீங்க?" என்று நான்கூடக் கேலி பண்ணினேன். ஒரு பிள்ளை மட்டும் வெளியே போய் ரகசியமாக விரலில் சவுக்காரம் தடவிக்கொண்டு வரும். பிறகு எல்லாரும் வரிசையாக விரலை வைப்பார்கள். மற்ற விரல்களுக்கு மஞ்சள் அசையாது. சவுக்காரம் பட்ட விரல் தொட்டதும் பேயைக் கண்டதுபோல் விளிம்புக்கு ஓடும். "ஆர் கள்ளன்? கண்டுபிடியுங்கோ பாப்பம்!" என்பார் டீச்சர். "கள்ளன்! கள்ளன்!" என்று வகுப்பு கூரை அதிரக் கத்தும். யாழ்ப்பாணத்தில் செல்லப் பிள்ளையையும் "அடேய் கள்ளா" என்றுதான் கொஞ்சுவார்களாம். எங்கள் பக்கத்தில் கள்ளன் என்றால் கள்ளன்தான். அதுவும் மஞ்சள் தண்ணீர் எங்களுக்குச் சாம்பார்ச் சாமான் இல்லை. அதை ஊற்றித்தான் அம்மனைக் கும்பிடுகிறோம், அதைத் தொட்டுத்தான் சத்தியம் பண்ணுகிறோம். இந்த இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்ததை அன்று ஒருத்தரும் கவனிக்கவில்லை.

கோயில் கமிட்டித் தலைவரின் மகனும் அதே வகுப்பு. வீட்டுக்குப் போனவன் அப்பாவிடம் சவால் விட்டிருக்கிறான்: மஞ்சத் தண்ணியில கள்ளன் விரல் வச்சா மஞ்சள் ஓடிரும், டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. தம்பியை வைத்துச் செய்தும் காட்டியிருக்கிறான். தம்பி விரலில் சவுக்காரம் தடவின கதையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வித்தையில் என்ன சுவாரசியம்?

அந்த வருஷம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு அம்மன் கழுத்துப் பொட்டுத்தாலி காணாமற்போனது. மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறது என்று வேறு பேச்சு. "மீரியபெத்த தோட்டத்த மூடின மாதிரி நம்மளயும் மலை மூடிரும். தாலிய அறுத்தவன புடிக்காம அம்மன் அடங்கமாட்டா" என்று பொம்பிளைகள் பீலியடியில் அழுதார்கள். பயந்த சனத்தைப் போல ஆபத்தானது வேறொன்றும் கிடையாது. தலைவருக்கு மகனுடைய வித்தை ஞாபகம் வந்தது. வேலை விட்டதும் ஆம்பிளைகள் எல்லாரும் நேரே கோயிலுக்கு வரவேண்டும், மஞ்சள் தண்ணியில் விரல் வைக்கவேண்டும் என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டிலேயே சொல்லிவிட்டார். சவுக்காரம் தடவின கதையை மகன் அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா பெல்ட்டைக் கழற்றினால் தோல் உரியாமல் விடமாட்டார் என்று தெரியும். வாயைப் பொத்திக்கொண்டான்.

ஆம்பிளைகள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையிலிருந்து அப்படியே வந்தார்கள். கையெல்லாம் தேயிலைக் கறை, மண். இடுப்பில் கத்தி. ஒவ்வொருத்தராக விரல் வைத்தார்கள், மஞ்சள் அசையவில்லை. நிரோஷாவின் அப்பா கடைசியாக வந்தார். அவர் எப்போதும் கடைசிதான். அவர் மட்டும் அழுக்கோடு கோயில் வாசலை மிதிக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் சட்டம். அதனால் பீலிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டு, கையை இரண்டு தரம் தேய்த்துக் கழுவிக்கொண்டு, ஈரத் தலையோடு வந்து நின்றார். அத்தனை ஆம்பிளைகளில் சுத்தமான கை அவர் கை ஒன்றுதான். விரலை வைத்தார். மஞ்சள் நாலா பக்கமும் ஓடியது.

நானும் விஞ்ஞான டீச்சரும் பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தோம். நிரோஷா மேட்டில் விழுந்து எழும்பி ஓடிவந்தாள். உதடு கிழிந்து ரத்தம். "டீச்சர், அப்பாவ அடிக்கிறாங்க டீச்சர்! மஞ்ச ஓடிருச்சாம்! அது சவுக்காரம்னு சொன்னேன், வாயிலயே அடிச்சுட்டாங்க!" டீச்சர் அந்த இடத்திலேயே வெளுத்துப்போனார். பிறகு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

நாங்கள் போனபோது அவரைக் கொடிமரத்தடியில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். தடியால் அடித்தார்கள், கத்திப் பிடியால் இடித்தார்கள், ஒருத்தன் தலைமயிரைப் பிடித்து நெற்றியைக் கல்லில் மோதினான். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். மாமா, மச்சான், அண்ணன் என்று நான் முறை சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். பாதிப் பேர் அடித்தார்கள், பாதிப் பேர் போனில் படம் பிடித்தார்கள். "எங்கடா வச்ச? சொல்லுடா!" அவர் சொல்லவில்லை. நான் எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. ரத்தம் வழிகிற கண்ணால் தன் விரலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருத்தன் அவர் மணிக்கட்டில் காலை வைத்து அழுத்தி, "இந்த விரல்தானே" என்று குனிந்தான். அப்போதுதான் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

"விடுங்கோடா அவரை! அது சவுக்காரம்! குளிச்சுப்போட்டு வந்தவரடா!" என்று டீச்சர் தொண்டை கிழியக் கத்தினார். தலைவர் கும்பிட்டபடி வந்தார். "நீங்க படிப்பிச்சதுதானே டீச்சர்? அம்மன் உங்க வாயால சொல்லியிருக்கா" என்றார். டீச்சர் கோயில் தட்டை எடுத்தார். தட்டைக் கவிழ்த்துக் கொட்டி, குடத்துத் தண்ணீரால் அலசு அலசென்று அலசி, புதுத் தண்ணீர் ஊற்றி மஞ்சள் தூவினார். அதுவரை நான் முன்னால் நின்று வாயால் மறித்தேன். என் சித்தப்பா மகன், என் கையால் சோறு வாங்கித் தின்றவன், என் கன்னத்தில் அறைந்தான். நானும் விடவில்லை, திருப்பிக் கொடுத்தேன். டீச்சர், அந்த மனுஷன் பீலியிலிருந்து கொண்டுவந்து படியில் வைத்திருந்த சவுக்காரத் துண்டை எடுத்து, தலைவருடைய கையைப் பிடித்து இழுத்து, விரலில் தேய்த்துத் தட்டில் அமுக்கினார். மஞ்சள் ஓடியது.

"பாத்தீங்களோ? சவுக்காரம்! ஆர் விரலுக்கும் ஓடும்!" என்றார். புரிந்துவிடும் என்று நினைத்தார், பாவம். பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப தலைவரும் கூட்டா?" என் வாழ்க்கையில் நான் நடுங்கியது அந்தக் குரலுக்குத்தான். இன்னொருத்தன் தலைவரின் சட்டையைப் பிடித்துவிட்டான். தலைவர் கத்தினார்: "சவுக்காரம்டா! டீச்சர் தேய்ச்சதை நீங்க பாக்கலியா? சவுக்காரம்டா!" கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு சின்னப் பிள்ளை சொல்லி வாயில் அடி வாங்கிய அதே சொல். டீச்சர் தலைவருக்கு முன்னால் போய் நின்றார். சவுக்காரம் பிடித்த தன் விரலையே தட்டில் வைத்தார். மிச்சமிருந்த மஞ்சளும் தாழ்ந்துபோயிற்று. "நானும் கள்ளிதான். வாங்கோ, அடியுங்கோ" என்றார். யாரோ எறிந்த கல் அவர் தோளில் பட்டது. அவர் அசையவில்லை. வெளியூர் டீச்சர், அரசாங்க உத்தியோகம், பொலிஸ் வரும் என்ற பயம்தான் அவர்களைத் தடுத்தது, அறிவு ஒன்றுமில்லை. ஒவ்வொருத்தராகக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நழுவினார்கள். நானும் டீச்சரும் நிரோஷாவுமாக அந்த மனுஷனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பொட்டுத்தாலி இன்றுவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மலையும் இறங்கவில்லை. கேஸ் இழுபட்டு இழுபட்டுச் சமாதானமாய்ப் போனது. அதிபர் விஞ்ஞான டீச்சரைக் கூப்பிட்டு, "இனிமே செய்முறை ஒண்ணும் வேணாம், புத்தகத்த வாசிச்சுக் காட்டினாப் போதும்" என்றார். "வாசிச்சுக் காட்டினதாலைதான் சேர் இவையள் இப்பிடி இருக்கினம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நாளும் வாளியைத் தூக்கிக்கொண்டுதான் வகுப்புக்குப் போனார். இடமாற்றம் கிடைத்து ஊருக்குப் போகும்வரை அந்தப் பாடத்தை ஒரு வருஷமும் விடவில்லை. கள்ளன் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார். இப்போது கோயிலில் கமரா பூட்டியிருக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து என்று எல்லாரும் என்னோடு சிரித்துப் பேசுகிறார்கள். நானும் பேசுகிறேன், என்ன செய்வது, ஒரே தோட்டம். ஆனால் உள்ளுக்குள் ஆறவில்லை.

இவ்வளவும் சொன்னது ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லத்தான். பார்வையாளர் நேரத்துக்கு நானும் டீச்சரும் நிரோஷாவும் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். வலது கை முழுக்கக் கட்டு, முகம் வீங்கி ஒரு கண் மூடிக் கிடந்தது. டீச்சர் கட்டிலடியில் நின்று, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அழுதார். நிரோஷாவின் அப்பா பதறிப்போய் எழும்பப் பார்த்தார். பிறகு மகளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். "நீங்க ஏன் டீச்சர் அழுவுறீங்க? அம்மன் பொய் சொல்லுமா? தாலி காணாமப் போனதுக்கு முந்தின நாளு நான் நெறயக் குடிச்சிருந்தேன். எங்க விழுந்தேன், எங்க எந்திரிச்சேன், ஒண்ணும் ஞாபகமில்ல. மஞ்ச ஓடுனதப் பாத்தப்பதான் தெரிஞ்சிச்சு. நான்தான் எடுத்திருக்கேன். எங்க வச்சேன்னுதான் தெரியல."

எனக்குத் தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது. அடித்தவன்கள் நம்பினான்கள், சரி. அடி வாங்கின மனுஷனும் நம்பிக்கொண்டு கிடந்திருக்கிறார்! டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். முன்னால் இருந்த கடையில் மஞ்சள் தூள் பக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். வார்டில் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றித் தூவினார். யாரும் தொடுமுன்னே மஞ்சள் தானாகத் திட்டுத் திட்டாகப் பிரிந்து ஓரத்துக்குப் போனது. தட்டிலே கழுவின சவுக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேறொன்றுமில்லை. "பாத்தீங்களா, நான் கிட்ட இருந்தாலே ஓடுது" என்றார் நிரோஷாவின் அப்பா, மெதுவாக.

நிரோஷா அந்தத் தட்டை வாங்கினாள். பைப்படியில் நின்று வெறும் தண்ணீரில் அலசினாள், அலசினாள், வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை அலசினாள். கொண்டுவந்து வைத்து, தண்ணீர் ஊற்றி, மஞ்சள் தூவி, தன் விரலை வைத்தாள். அசையவில்லை. விரலில் சவுக்காரம் தேய்த்து வைத்தாள். மஞ்சள் ஓடியது. "இப்ப நான் திருடிட்டனாப்பா?" என்று கேட்டாள். திரும்பவும் போய்த் தட்டை அலசிக்கொண்டு வந்தாள். அவருடைய இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, பச்சைத் தண்ணீரில் ஒவ்வொரு விரலாகக் கழுவினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். "வேணாம்மா. பயமா இருக்கு." "வைங்கப்பா." "வேணாம்மா." அவள் விடவில்லை, விரலைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தாள்.

மஞ்சள் நின்றது. அவர் விரலைச் சுற்றி அப்படியே நின்றது, நகத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டும் இருந்தது. அவர் விரலை எடுக்கவேயில்லை. நர்ஸ் வந்து நேரமாச்சு என்று சொன்ன பிறகும் எடுக்கவில்லை. "அப்ப நான் எடுக்கலியா?" என்று மகளைக் கேட்டார். "எடுக்கலப்பா." என்னையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் தலையை ஆட்டினோம். பிறகு பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினார். அங்கே கால் முறிந்து கிடந்த சிங்களக் கிழவருக்கு எங்கள் தோட்டத்தையும் தெரியாது, தாலியையும் தெரியாது. தட்டில் வைத்த விரலை எடுக்காமலே அவரிடம் சிங்களத்தில் சொன்னார்: "மம கத்தே நே, மாத்தயா." நான் எடுக்கவில்லை ஐயா என்று.